இடதுகால் கீச்சு

பறவை வளர்க்கும் இடத்தில் வேலை செய்கிறவளுக்குப் ‘பூனை’ என்று பேர் வைத்தால், வைத்தவர்களுக்குக் கொழுப்பு அதிகம் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. அது அவள் சம்பாதித்த பேர். அவள் கதவைத் திறந்தால் கதவுக்கே தெரியாது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தால் தண்ணீர் ஆடாது. காட்டில் விடுவதற்காக மலைக்கௌதாரிக் குஞ்சுகளை வளர்க்கும் அறைக்கு அப்படி ஓர் ஆள்தான் வேண்டியிருந்தது.

மலைக்கௌதாரியைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தேன் என்று மார்தட்டுகிறவர்களிலும் பாதிப் பேர் அதன் முதுகைத்தான் பார்த்திருப்பார்கள். ஈரமும் இருட்டுமான மலைக்காட்டில், உதிர்ந்த இலைகளுக்கு நடுவே, தரையிலேயே அதன் பிழைப்பு. காலால் சருகைக் கிளறும், புழுவோ விதையோ கிடைத்தால் கொத்தும், இரண்டடி நடக்கும், நின்று காது கொடுக்கும். இறக்கை என்னவோ இருக்கிறது. பறப்பதற்கு மட்டும் அவ்வளவு சோம்பல். ஆபத்து என்று பட்டால் முதலில் ஆடாமல் அசையாமல் நிற்கும். அது போதவில்லை என்றால் ஓடும், அதுவும் மேட்டைப் பார்த்து. பள்ளத்தில் இறங்கி ஓடுவது அதன் வம்சத்திலேயே கிடையாது. அந்தி சாய்ந்ததும் தாழ்ந்த கிளையொன்றில் ஏறித் தூங்கிவிடும். சொத்து என்று அதனிடம் இருப்பது பயம் ஒன்றுதான். அந்தப் பயம் இல்லாத கௌதாரி காட்டில் நிலைக்காது.

மனிதர் கையில் வளரும் குஞ்சுக்கு அந்தப் பயம் வராமலே போய்விடும். சோறு போடுகிற கையைத் தாய் என்று நினைத்துக்கொள்ளும். அதனால் அந்த அறைக்குள் போகிறவர் தலையிலிருந்து முழங்கால்வரை சாம்பல் நிற அங்கி போட்டுக்கொள்ள வேண்டும். முகம் தெரியக் கூடாது. வாய் திறக்கக் கூடாது. தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த் தும்ம வேண்டும். கையில், தாய்ப் பறவையின் தலையைப் போலத் தைத்த ஓர் உறை. அதன் அலகால்தான் புழுவை நீட்ட வேண்டும். தாயின் குரல் மட்டும் மூலையிலிருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வரும். இத்தனை சட்டதிட்டத்தையும் பூனை ஒரு நாள்கூட மீறியதில்லை. பேசாமல் இருப்பது அவளுக்குக் கஷ்டமும் இல்லை. வீட்டில் அவளுக்கும் சேர்த்துப் பேச ஒருவர் இருந்தார்.

அவர் அவள் கணவர். பேருந்து நிலையத்துப் படிக்கட்டுக்குக் கீழே செருப்புத் தைக்கும் கடை. வாயும் ஊசியும் ஒன்றாகவே ஓடும். இந்த வருஷம் முட்டைகள் பொரியும் சமயத்தில் பூனையின் ரப்பர் பூட்ஸில் இடது குதிகால் கிழிந்துவிட்டது. அறைக்கென்று தனியாக வைத்திருக்கும் பூட்ஸ் அது. புதிது கேட்டதற்கு, யானை போட்டுக்கொள்ளும் அளவில் ஒரு ஜோடி வந்தது. சரிதான் என்று பழையதையே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கணவரிடம் ஒட்டுப்போட்டு வாங்கி வந்தாள். அன்றிலிருந்து அந்த இடதுகால் ஓரடிக்கு ஒரு ‘கீச்’ வைத்தது. முகத்தை மூடியிருக்கிறோம், வாயை மூடியிருக்கிறோம், செருப்புச் சத்தம் என்ன செய்துவிடும் என்று அவளும் விட்டுவிட்டாள், மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். பூனை வருவது இப்போதுதான் காதில் விழுகிறது என்று கேலி செய்ததோடு சரி.

அந்தத் தடவை தாய்க் கௌதாரி மூன்று முட்டையைப் பொரித்து, நாலாவதை ஒதுக்கித் தள்ளிவிட்டது. சில்லிட்டுக் கிடந்ததைப் பூனைதான் எடுத்துச் சூடேற்றும் பெட்டியில் வைத்தாள். மற்றதெல்லாம் ஓடியாடத் தொடங்கிய பிறகு அது சாவகாசமாக ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தது. ஈரத்தோடு சுண்டைக்காயளவு தலை நிற்காமல் ஆடியது. தாய் சேர்த்துக்கொள்ளாததால், அறையில் தனியாக வைத்துப் பூனையே வளர்த்தாள். பறவைகளுக்குப் பேர் வைக்கக் கூடாது, காலில் போடும் வளையத்தின் நிறம்தான் அடையாளம் என்பது அங்கே சட்டம். அதற்கு மஞ்சள் வளையம். பூனை மனசுக்குள் மட்டும் கடைக்குட்டி என்று கூப்பிட்டுக்கொண்டாள். மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதற்குச் சட்டம் கிடையாதே.

கடைக்குட்டி தேறியது. இறகு முளைத்தது. காட்டோரத்தில் சரிவோடு சேர்த்து வலை கட்டியிருந்த பெரிய அடைப்பில் அதையும் விட்டார்கள். பெரணிச் செடிகளும் சருகும் விழுந்த மரமுமாக உள்ளே பாதிக் காடு இருந்தது. அண்ணன் அக்காக்களோடு அதுவும் கிளறப் பழகியது. மழை இறங்குவதற்குள் நாலையும் மலையில் விட்டுவிட வேண்டும் என்று ஏற்பாடு.

விடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. அந்த இடத்துக்குப் பொறுப்பான பறவை டாக்டர் சாதாரண உடையில், மூடாத முகத்தோடு அடைப்புக்குள் நடப்பார். பறவைகள் ஓடி ஒளிய வேண்டும். ஒளிந்தால் தேர்ச்சி. அன்று டாக்டர் நடந்தார். நாலும் இருந்த இடம் தெரியவில்லை. அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. வெளியே வந்து, வலையை ஒட்டிய மறைப்புக்குப் பின்னால் நின்றுகொண்டு, தண்ணீர் ஊற்றிவிட்டு வரச் சொல்லிப் பூனைக்குச் சைகை காட்டினார். அந்த அடைப்புக்கு வழக்கமாகத் தண்ணீர் ஊற்றுவது ஜீப் ஓட்டுநர். அன்றைக்கு அவர் இல்லை. பூனை அறையிலிருந்து நேராக அங்கியும் பூட்ஸுமாக வந்திருந்தாள்.

உள்ளே நாலடி வைத்திருப்பாள். கீச்.

பெரணிக்குள்ளிருந்து மஞ்சள் வளையம் வெளியே வந்தது. நிற்கவில்லை, காது கொடுக்கவில்லை, கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரே ஓட்டமாக வந்து அவளுடைய இடது குதிகாலுக்குப் பக்கத்தில் நின்றது. ஒட்டுப்போட்ட இடத்தை ஒரு கொத்துக் கொத்தியது. பிறகு அண்ணாந்து பார்த்தது.

பூனைக்கு உண்மையைச் சொன்னால் முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த மூச்சில், இது தன்னைக் கண்டு ஓடி ஒளிய வேண்டிய பறவை என்பது உறைத்தது.

மறைப்புக்குப் பின்னாலிருந்து டாக்டர் இன்னும் நடக்கும்படி கையைக் காட்டினார். நடந்தாள். கீச், கீச். அதுவும் கூடவே நடந்தது. அவள் நின்றால் நின்றது.

வெளியே வந்ததும் டாக்டர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். பூனையைவிட வயதில் சின்னவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“முகத்தை மூடினோம், வாயை மூடினோம். காலை யோசிக்கவே இல்லையே அக்கா!”

“என் தப்புதான் டாக்டர்.”

“உங்க தப்பு மட்டும் எப்படி ஆகும்? அந்தச் சத்தத்தை தினமும் நானும்தானே கேட்டேன். கேட்டுட்டு சிரிச்சேன்.” மலைப் பக்கம் கையைக் காட்டினார். “இந்த மலையில விறகு பொறுக்கறவங்க, காளான் பறிக்கறவங்க, கண்ணி வைக்கறவங்க, எல்லார் கால்லயும் இதே ரப்பர் பூட்ஸ்தான். ஈரத்துல பாதி பூட்ஸ் கீச்சுங்கும். இது நேரா போய் நிக்கும், என்னைப் பிடிச்சுக்கோன்னு.”

“அப்போ விட மாட்டீங்களா?”

டாக்டர் வாசல் பக்கம் பார்த்தார். பூனையும் பார்த்தாள்.

வாசலில் ஒரு கூண்டு இருந்தது. அதற்குள் வயதான ஆண் கௌதாரி ஒன்று. காவல்காரர் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். இந்தச் சட்டதிட்டம் எல்லாம் வருவதற்கு முன்னால், யாரோ ஆசை ஆசையாக மடியில் வைத்து வளர்த்த பறவை. காட்டில் விட்டதும், புகை தெரிந்த பக்கமாக நடந்து போய், சாலை போடுகிறவர்களின் கூடாரத்துக்குள் நுழைந்தது. திரும்பக் கிடைத்தபோது ஓர் இறக்கை இல்லை. அன்றிலிருந்து கூண்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்கிறது, திரும்புகிறது, நடக்கிறது. அது நடக்கும் தடத்தில் மட்டும் புல் முளைப்பதில்லை. யார் வந்தாலும் கம்பியருகே வந்து நிற்கும். வருகிறவர்கள் என்ன அழகாகப் பழகுகிறது என்பார்கள். பூனை அதற்குத் தீனி வைக்கும்போது அந்தத் தடத்தைப் பார்க்காமலிருக்கப் பழகியிருந்தாள்.

“பயப்படக் கத்துக் கொடுத்துப் பார்ப்போம்,” என்றார் டாக்டர். “அந்தச் சத்தம் வந்தா நல்லது நடக்கும்னு அது நம்புது. அதே சத்தம் வந்தா கெட்டது நடக்கும்னு ஆக்கணும். மழைக்குள்ள கத்துக்கிட்டா மத்ததோட போகும். இல்லைன்னா காவல்காரர் பக்கத்துல இன்னொரு கூண்டுதான்.”

சத்தத்தைக் கைப்பேசியில் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தார்கள். கடைக்குட்டி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுச் சருகைக் கிளறப் போய்விட்டது. காலடியில் தரை அதிர வேண்டும்போலிருக்கிறது. திரும்பி வந்த ஓட்டுநரின் காலில் அந்த பூட்ஸை மாட்டி நடக்கவிட்டார்கள். பூட்ஸ் வாயே திறக்கவில்லை. பூனை குதிகாலைச் சற்றுச் சாய்த்து ஊன்றுகிறவள். அந்தச் சாய்வுக்குத்தான் அது கத்துகிறது. ஆக, அவளே நடக்க வேண்டும், அந்த பூட்ஸில்தான் நடக்க வேண்டும்.

“நாளைக்கு உங்களுக்கு லீவு. நாளன்னைக்குக் காலையில ஆரம்பிப்போம். பூட்ஸ் பத்திரம். சீசன் முடிஞ்சதுன்னு இன்னைக்கு சாயந்தரம் எல்லா பூட்ஸையும் கொதிக்கிற மருந்துத் தண்ணியில முக்குவாங்க. இதையும் முக்க விட்டுடாதீங்க, ஒட்டு கழண்டுடும்.”

அதனால்தான் பூனை பூட்ஸைத் துணிப்பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். எடுத்துப் போகாமலே இருந்திருக்கலாம்.

பேருந்தில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். பக்கத்தில் இருந்தவர் நீங்கள் இறங்கும் இடம் தாண்டிவிட்டதா என்று கேட்டார். வீட்டுக்குள் நுழைந்தால் கணவர் யாரோ ஒரு வாடிக்கையாளரின் பிய்ந்த செருப்பைப் பற்றி வர்ணித்துக்கொண்டிருந்தார். நாத்தனார் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்கிறவள் இந்த நாத்தனார். வீட்டிலும் அதே குரல்தான்.

“வந்துட்டியா? கேளு இந்தக் கதையை. இன்னைக்கு ஒருத்தர் வந்தாரு...” என்று அவர் ஆரம்பித்தார்.

பூனை பையைத் தரையில் பொத்தென்று போட்டாள். அந்த வீட்டில் அவள் எழுப்பிய முதல் பெரிய சத்தம் அதுவாகத்தான் இருக்கும்.

“உங்க கதை ஒண்ணும் வேணாம். நீங்க ஒட்டுப்போட்ட லட்சணத்துல என் வேலையே சந்தி சிரிக்குது. எல்லாம் அந்த இடதுகால் கீச்சால வந்த வினை. ஊர்ச் செருப்பெல்லாம் தைக்கத் தெரியுது, பொண்டாட்டி பூட்ஸ்னா மட்டும் இளக்காரம்!”

இவ்வளவையும் சொன்னவள், என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தால் அழுகை வரும்போலிருந்தது. சாப்பிடாமல் போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அவர் கையில் பிடித்த தேநீர்க் கோப்பையோடு அப்படியே நின்றார். பேச்சு வராமல் அவர் நின்றதை அவர் தங்கையே அன்றுதான் பார்த்தாள்.

காலையில் அசதியில் நேரம் கழித்துத்தான் பூனை எழுந்தாள். பை இல்லை. கட்டிலுக்கடியில் இல்லை, கதவுக்குப் பின்னால் இல்லை. நாத்தனார் தலைவாரிக்கொண்டே சொன்னாள்: “அண்ணன்தான் எடுத்துட்டுப் போனாரு. விடியறதுக்கு முன்னாடியே கடையைத் திறந்துட்டாரு. மனசு கேக்கலையாம்.”

பூனைக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் மட்டும் ஓடியது.

கடை வாசலில் அவர் எழுந்து நின்று வரவேற்றார். பலகையின் மேல் பூட்ஸ் பளபளவென்று நின்றது. பழைய ஒட்டைப் பிய்த்துவிட்டு, குதிகாலைத் தேய்த்துச் சமப்படுத்தி, புது ரப்பர் வைத்து, ஓரம் தெரியாமல் இழைத்திருந்தார்.

“போட்டுப் பாரு. கீச்சும் இல்ல, மூச்சும் இல்ல. இனிமே எவனாவது சிரிக்கட்டும் பார்க்கலாம்.”

போட்டு நடந்தாள். பஞ்சு மேல் நடக்கிற மாதிரி இருந்தது. அவர் தொழிலில் அதைவிட நல்ல வேலை செய்திருக்க மாட்டார். பூனை படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவர் பதறிப்போனார். அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள்: கடைக்குட்டி, கொத்தியது, காவல்காரர், பக்கத்தில் வரப்போகும் கூண்டு. 

“அப்போ, திரும்ப கீச்சணும்,” என்றார் கடைசியில்.

“அதே கீச்சு. வேற கீச்சு கூடாது.”

ஆயுசு முழுக்கக் கீச்சை எடுத்துப் பிழைத்த மனிதர், அன்று கீச்சை வைக்க உட்கார்ந்தார். பழைய ஒட்டு குப்பைத் தகரத்தில் கிடைத்தது, பிய்க்கும்போது இரண்டாகியிருந்தது. அதைப் பார்த்து அதே தடிப்பில் ரப்பர் வெட்டினார். நடுவில் காற்று நிற்க இடம் விட்டு ஒட்டினார். பூனை படிக்கட்டுக்கு முன்னால் போவதும் வருவதுமாக நடந்தாள். டாக்டர் அனுப்பியிருந்த பதிவைக் கைப்பேசியில் போட்டு ஒத்துப் பார்த்தார்கள். முதல் முயற்சி எலி மாதிரி கத்தியது. அடுத்தது நாகரிகமில்லாத ஒரு சத்தம். பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உணவு இடைவேளையில் வந்த நாத்தனார் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, “அழுத்தம் பத்தல. பழசுல ஒரு அலட்சியம் இருந்துச்சு அண்ணே,” என்றாள்.

“அலட்சியத்தை எங்க போய் வாங்குறது?” என்று அவர் எரிந்து விழுந்தார்.

பிய்த்தார், வெட்டினார், ஒட்டினார். சாயங்காலம்வரை செய்த ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சுத்தமான வேலையாக இருந்தது. அதுதான் கோளாறு. அவர் கையை வைக்க வைக்க பூட்ஸ் நல்ல பிள்ளையாகிக்கொண்டே போனது. மறுநாள் காலை இரண்டு பேரும் முதல் ஆளாகக் கடைக்குப் போனார்கள். ஒட்டு இன்னும் சரியாகவில்லை. பூனைக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மலைக்குப் போகும் பேருந்து உறுமத் தொடங்கிவிட்டது.

“என்னங்க, பஸ்ஸு!”

“இரு, இரு, ஈரம் காயட்டும்...”

“காயறதுக்கெல்லாம் நேரமில்ல. எடுத்துடப் போறான். குடுங்க இப்படி!”

ஒலிபெருக்கியில் நாத்தனாரின் குரல் மலைப் பேருந்து புறப்படத் தயாராக இருப்பதாக அறிவித்தது. அண்ணனும் அண்ணியும் படும் பாட்டைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே அறிவித்தாள். அவர் ஈர ரப்பரின் மேல் பசையைத் தாறுமாறாக அப்பி, ஒட்டைக் கோணலாக வைத்து, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி நீட்டினார். “போ, போ. என் மானம் போனா போகட்டும்.”

பூனை மாட்டிக்கொண்டு ஓடினாள். பேருந்துப் படியில் இடதுகாலை ஊன்றினாள்.

கீச்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவரும் கையில் சுத்தியலோடு நிமிர்ந்து பார்த்தார். அதேதான். அன்றைக்கும் இப்படித்தான் ஏதோ அவசரத்தில் ஒட்டிக் கொடுத்திருந்தார் என்பது இருவருக்கும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சந்தோஷம் மலையடிவாரம்வரைதான் இருந்தது. பேருந்திலிருந்து இறங்கியதும், அந்தக் கீச்சை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்பது ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

ஏற்பாடு சுலபமாகத்தான் தெரிந்தது. பூனை நடப்பாள், கடைக்குட்டி வரும், மறைப்புக்குப் பின்னாலிருந்து டாக்டர் ஒரு கறுப்புக் குடையை அதன் முகத்துக்கு நேரே படாரென்று விரிப்பார், ஓட்டுநர் தகரத்தைத் தட்டுவார், டாக்டரின் நாய் கயிற்றில் கட்டுண்டபடியே குரைக்கும். பறவைக்கு ஒரு கீறல்கூட விழாது, பயம் மட்டும் விழும்.

கீச் என்றதும் கடைக்குட்டி வந்தது. குடை விரிந்தது, தகரம் அலறியது, நாய் குரைத்தது. பறவை தரையோடு ஒட்டிக்கொண்டது. பிறகு ஓடியது. மேட்டைப் பார்த்து ஓடவில்லை. நேராகப் பூனையின் காலுக்கு ஓடி வந்து, இரண்டு பூட்ஸுக்கும் நடுவில் அங்கிக்கடியில் புகுந்துகொண்டது. ரப்பர் வழியாக அதன் உடம்பு நடுங்குவது அவளுக்குத் தெரிந்தது.

“விலகுங்க அக்கா! இடம் குடுக்காதீங்க!”

அவளால் விலக முடியவில்லை.  டாக்டரே உள்ளே வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துப்போனார். இருவரும் வெளியே வந்தார்கள். காவல்காரர் கூண்டுக்குள் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கால்சத்தம் கேட்டது.

“நாங்க பயமுறுத்தினா அது உங்ககிட்ட ஓடி வரும்,” என்றார் டாக்டர். “இதை நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும். அக்கா, நீங்கதான் பயமுறுத்தணும்.”

“நானா?”

“வேற யார் செஞ்சாலும் நீங்க அதுக்குத் தஞ்சமா ஆயிடுவீங்க.”

பூனை போய்க் குழாயடியில் முகத்தைக் கழுவினாள். கழுவியதும் மறுபடி கழுவினாள். அவளுக்குக் கோபம் வந்தது. டாக்டர்மேல், ஒட்டுமேல், கண்ணி வைக்கிறவர்கள்மேல். அந்த முட்டையைச் சில்லிட்டே கிடக்க விட்டிருந்தால் இந்த வேதனை இல்லை என்றுகூட நினைத்தாள். நினைத்ததற்குத் தன்மேலேயே கோபம் வந்தது. பிறகு போய்க் குடையை வாங்கிக்கொண்டாள்.

அங்கிக்குள் குடையை மறைத்துக்கொண்டு நடந்தாள். கீச். பெரணி அசைந்தது. கொஞ்சம் முன்னால்தான் நடுங்கிப்போன பறவை, இருந்தும் வந்தது. இந்தத் தடவை தயங்கித் தயங்கி, ஆனால் வந்துவிட்டது. குதிகாலுக்குப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தது.

அவள் குடையை விரித்தாள்.

அதோடு நிறுத்தவில்லை. நிறுத்தக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலைத் தரையில் ஓங்கி ஓங்கி மிதித்துக்கொண்டு அதைத் துரத்தினாள். கீச், கீச், கீச். அது இடப்பக்கம் ஓடியது, வலப்பக்கம் ஓடியது, வலையில் மோதியது, நின்று திரும்பி அவளைப் பார்த்தது. நீதானா என்று பார்த்ததாக அவளுக்குப் பட்டது. பறவை அப்படியெல்லாம் பார்க்காது என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். இருந்தாலும் பட்டது. இன்னும் ஓங்கி மிதித்தாள். கடைசியில் அது சரிவில் ஏறி மரத்துக்குப் பின்னால் மறைந்தது. அங்கிக்குள்ளே அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. வாய்விட்டு அழவும் அங்கே அனுமதியில்லை.

அப்புறம் வந்த நாட்களில் வீட்டில் கணவர் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டைப் போட்டு முன்னால் வைத்தார். ஒரு நாள் மட்டும், “இன்னைக்கு வந்துச்சா?” என்றார்.

“பாதி தூரம் வந்துச்சு.”

“பாதி தூரமா...” என்று தலையாட்டினார். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

பிறகு தலையை மட்டும் நீட்டியது. பிறகு பெரணி அசைந்ததோடு சரி. ஒரு நாள் பெரணியும் அசையவில்லை. மேகம் மலையில் இறங்கத் தொடங்கிய காலைவேளையில் டாக்டர் சோதனை வைத்தார். பூனை குடையில்லாமல், வெறுங்கையோடு, அடைப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். விழுந்த மரத்துக்கருகே மஞ்சள் வளையம் கிளறிக்கொண்டிருந்தது. கீச். தூக்கிய கால் தூக்கியபடி நின்றது. இன்னொரு கீச். மேட்டைப் பார்த்து ஒரே ஓட்டம். ஒரு சருகு மட்டும் புரண்டு விழுந்தது. டாக்டர் சத்தமில்லாமல் கைதட்டினார். தேறிவிட்டது. பூனைக்கு நிம்மதியாக இருந்தது, நெஞ்சில் யாரோ உதைத்த மாதிரியும் இருந்தது.

நாலையும் கூடையில் வைத்து மேலே கொண்டுபோய் விட்டார்கள். அன்றைக்கு அவள் போகவில்லை. பூட்ஸ் சத்தம் கேட்டால் கூடைக்குள் அடித்துக்கொள்ளும் என்பதால் டாக்டரும் கூப்பிடவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

அந்த மழைக்காலம் முழுக்க அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. கண்ணி வைத்தவன் ஒருவனைப் பிடித்தார்கள் என்று காதில் விழுந்தால், பையில் என்ன இருந்தது என்று விசாரித்துக்கொண்டு வருவாள். மலையில் கட்டியிருந்த கேமராக்களில் காட்டுப்பன்றி விழுந்தது, கீரி விழுந்தது, அக்கா கௌதாரி ஒரு தடவை விழுந்தது. மஞ்சள் வளையம் விழவேயில்லை.

“பயந்தாங்கொள்ளியா ஆயிட்டா கேமராவுல எப்படி விழும்? அதானே நமக்கு வேணும்?” என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். இல்லாமல் போயிருந்தாலும் விழாதுதான் என்பதை இருவருமே சொல்லவில்லை.

மழை விட்டதும் கேமராக்களுக்கு பேட்டரி மாற்ற ஆள் வேண்டியிருந்தது. பூனை தானே கேட்டு வாங்கிக்கொண்டு ஏறினாள். அங்கி கிடையாது, அதே பூட்ஸ். காலை வெளிச்சம் மரங்களுக்கிடையே அப்போதுதான் இறங்கியிருந்தது. ஈரத்தில் ஊறிய பூட்ஸ் முன்னைவிட உரக்கவே கத்தியது. முதல் கேமரா, இரண்டாவது கேமரா, எங்கும் ஒன்றுமில்லை. ஓர் ஓடையைத் தாண்டி மேட்டுச் சரிவுக்கு வந்தபோது, பாதையோரத்தில் சருகு கிளறிக் கிடந்ததைப் பார்த்தாள். அடியில் மண் இன்னும் கறுப்பாக, ஈரமாக இருந்தது. இப்போதுதான் ஏதோ கிளறியிருக்கிறது. காட்டுக்கோழியாகவும் இருக்கலாம், வேறெதுவாகவும் இருக்கலாம்.

அவள் நின்றாள். இவ்வளவு நாளும் அடக்கி வைத்த மூச்சோடு நின்றாள். பிறகு இடது குதிகாலைச் சாய்த்து, வேண்டுமென்றே அழுத்தி ஊன்றினாள்.

கீச்.

பக்கத்துப் பெரணியில் ஏதோ ஒன்று உறைந்து நின்றது. அவளுக்கு அது தெரியவில்லை, ஆனால் காட்டின் அந்த மூலை மட்டும் அமைதியானது. இன்னும் ஒரு முறை ஊன்றினாள். சரசரவென்று சருகு பிரிந்தது. மேட்டைப் பார்த்துப் பாய்ந்த பழுப்பு முதுகு, அதற்குக் கீழே ஓடும் காலில் கண்ணிமைக்கும் நேரம் ஒரு மஞ்சள்.

பூனை வாயைத் திறந்தாள். பொரித்த நாளிலிருந்து அதனிடம் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. சட்டம் இருந்தது. இப்போது அடிவயிற்றிலிருந்து, அந்த மலையே கேட்கும்படி கத்தினாள்:

“ஓடு! ஓடுடா, நிக்காத! ஓடு!”

சருகுச் சத்தம் மேலே மேலே போய் ஓய்ந்தது. அவள் பாதையிலேயே உட்கார்ந்து, ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

அன்று மாலை சேறு படிந்த பூட்ஸை வாசலில் கழற்றி வைத்தபோது, கணவர் அதைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஒட்டு ஒரு பக்கம் பிளந்திருந்தது.

“வேலைதான் முடிஞ்சிடுச்சே. இதை ஒழுங்கா ஒட்டித் தரட்டுமா?”

“கை வெச்சீங்கன்னா பாருங்க,” என்றாள் பூனை.